கட்டைவிரல் இருக்கும் இடம்

கட்டைவிரல் நகரவே மாட்டேன் என்கிறது, பக்கம் புரள்கிறது, குதிரை பாய்கிறது, பாலம் உடைகிறது, அடுத்த பக்கத்தில் பாதிப் பாலம் ஆற்றுக்குள் கிடக்கிறது, ஆனாலும் வலது பக்கத்துக் கீழ்மூலையில் அந்த விரல் போய் உட்கார்ந்த இடத்திலேயே உட்காருகிறது, வெட்டாத நகம், நகத்தைச் சுற்றிக் கழுவினாலும் போகாத ஒரு கறுப்பு, செல்போனுக்குள் அவரைவிதை அளவுக்குத் தெரிகிற அந்த விரலைப் பார்த்துக்கொண்டு ஈரோட்டு லாரி ஷெட்டில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கிறேன், சேலத்து வண்டி இன்னும் வரவில்லை, வந்தால் எழுந்துவிட வேண்டும், அதற்குள் ஒரு பொம்பளை நல்லவளா கெட்டவளா என்று நான் சொல்லியாக வேண்டும்.

பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் செல்போனில் ஏலம் விடுகிற கூட்டம் அது, ஞாயிறு சாயங்காலம் கூடும், விற்கிறவர் ஒரு பக்கம் விடாமல் புரட்டி, நடுவில் வெட்டாமல் வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்பது கட்டளை, மற்றவர்கள் பக்கத்தைப் பார்ப்பார்கள், நான் கட்டைவிரலைப் பார்ப்பேன், காரணமில்லாமல் யாரும் விரலை ஓரிடத்தில் வைப்பதில்லை, தையல் விட்ட மூட்டையைத் தூக்குகிறவன் கை முதலில் தையல் விட்ட இடத்தைத்தானே பொத்துகிறது, கிழிசல் எங்கேயோ விரல் அங்கே, அப்படித்தான் ஒவ்வொருவராகப் பார்த்துவந்தேன், கும்பகோணத்து வக்கீல் பக்கத்துக்குப் பக்கம் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே கை படாத புத்தகம் என்பார், திண்டுக்கல்காரர் ஒருவர் வெயில் சாயும் நேரம் பார்த்து மொட்டைமாடியில்தான் படம் எடுப்பார், அந்த வெளிச்சத்தில் மக்கிப்போன தாளும் தங்கம், மதுரையிலிருந்து ஒருவர் அட்டையில் ஒரு கிழிசல் கிடையாது என்று சத்தியம் செய்தார், உண்மைதான், அட்டையே கிடையாது. இதையெல்லாம் நான் எழுதிப் போடுவேன், நீளமாக இல்லை, விரலைப் பாருங்கள், வெயிலைப் பாருங்கள், அட்டை எங்கே, இவ்வளவுதான், அதற்கே எனக்குக் கால்மணி நேரம் பிடிக்கும், எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தி, சரியா என்று வாய்க்குள் படித்துப் பார்த்து, அப்புறம்தான் அனுப்புவேன், ஆனால் குறைவாக எழுதுகிறவனை உலகம் பண்டிதன் என்று எடுத்துக்கொள்கிறது, பிழையில்லாமல் எழுதுகிறீர்கள் ஐயா, தமிழாசிரியராக இருந்தவரா என்று ஒருநாள் யாரோ கேட்டார், நான் பதில் எழுதவில்லை, எழுதாததையே ஆமாம் என்று வைத்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து நான் ஐயா, என் முகப்படத்தில் ஒரு புளியமரம், யாருடைய அழைப்பையும் நான் எடுப்பதில்லை, எடுத்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும், லாரிக்கு மேலே நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தித் தடித்துப்போன குரல், அது தமிழாசிரியரின் குரல் இல்லை.

கூட்டத்தை நடத்துகிறவர் ஜெயசீலன், தாராபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார், தகராறு வந்தால் தீர்ப்பை என் தலையில் கட்டிவிடுவார், நீங்க சொல்லீட்டீங்கன்னா அப்புறம் அப்பீலே இல்லீங்கய்யா என்பார், இன்றைக்கும் அப்படித்தான் கட்டினார். விற்றவள் வேலுத்தாய், சாத்தூர்க்காரி, புருசன் வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை வைத்திருந்தவர், செத்துப்போனார், அவர் பெட்டியிலிருந்து ஞாயிற்றுக்கு ஒன்றாக எடுத்து விற்கிறாள், போன வாரம் விற்றது ஒற்றைக் கையுறைக்காரன் கதை, உடைந்த பாலத்தின் ஒற்றன் என்று பெயர், வாங்கியவர் பிரசன்னா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, பிரித்துப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய்விட்டார், முக்கால்வாசிப் பக்கத்தில் பேச்சு பலூனுக்குள் இருக்கிற எழுத்து முழுக்க யாரோ கறுப்புப் பேனாவால் மேலே மேலே எழுதியிருக்கிறார்கள், வீடியோவில் அச்சு மாதிரியே தெரிந்தது, கையில் எடுத்தால்தான் தாள் பள்ளம் விழுந்திருப்பது தெரிகிறது, சார், நான் கண்டிஷனுக்குத்தான் காசு குடுக்கிறேன், யார் வீட்டு ஹோம்வொர்க்குக்கோ இல்ல, என்று எழுதி, நாலைந்து பக்கங்களைக் கிட்டத்தில் படம் பிடித்தும் போட்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை, குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது கட்டளை, மறந்திருந்தால் புத்தகம் திரும்பப் போகும், மறைத்துப் பொய் சொல்லியிருந்தால் ஆளே போக வேண்டும், பெயர் எல்லாக் கூட்டத்துக்கும் போய்விடும், அப்புறம் அவள் பெட்டியை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

ஜெயசீலன் அவளைக் கேட்டார், எழுத்தில் பதில் போடும்மா என்று, அவள் குரலில்தான் போட்டாள், எப்போதும் குரல்தான், நான் காதோரம் வைத்துக் கேட்டேன், அண்ணே, வணக்கம்ணே, நான் வேலுத்தாய் பேசுறேன், அது வந்துண்ணே, வீட்டுல சின்னப் பிள்ளைக ஏதும் கிறுக்கியிருக்கும்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, அவரு பொட்டியில இருந்தத அப்படியே எடுத்துத்தான் போடுறேன், இந்தப் பொட்டிய நம்பித்தான்ணே நாள் ஓடுது, கோவிச்சுக்கிடாதீக. பின்னால் ஒரு கோழி கேறியது, அத்தோடு முடிந்தது. ஜெயசீலன் எனக்குத் தனியாக எழுதினார், பாத்தீங்களாய்யா, எப்பவும் வாய்ஸ்லதான் வருது, எழுத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு உசாரு, நான் ஆம் என்று எழுதினேன், ஆம் எழுதச் சுருக்கு, இரண்டே எழுத்து, அதனாலேயே பல பேரை நான் ஆம் என்று முடித்திருக்கிறேன்.

அவள் சொல்வது பொய், அது பார்த்தவுடனே தெரிந்தது, பிள்ளை கையில் பேனா கிடைத்தால் குதிரைக்கு மீசை வைக்கும், கையுறைக்காரனுக்குக் கண்ணாடி மாட்டும், எழுத்தின் மேல் எழுத்தை, கோடு தாண்டாமல், அச்சிலிருந்து ஒரு முடி விலகாமல், யாருக்கும் தெரியக்கூடாது என்று பயந்து பயந்து எழுதாது, அதை வளர்ந்த ஆள்தான் செய்யும், வளர்ந்து, வேலைக்குப் போய், கைநாட்டு வைத்துக் கூலி வாங்கி, வெட்கப்படத் தெரிந்த ஆள். எனக்கு அது தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று நானே என்னைக் கேட்கிறேன், மூட்டையின் இளஞ்சூடு முதுகில் ஏறுகிறது, கண் சொக்குகிறது, இதே ஷெட்தான், இதே தகரக் கூரைதான், ஆனால் என் தலையில் மயிர் கறுப்பாக இருக்கிறது, முப்பதைத் தாண்டிவிட்டேன், பார்சல்களை ஊர்வாரியாக அடுக்குகிறேன், ஊர்கள் எனக்கு எழுத்து இல்லை, உருவம், சேலம் என்றால் முன்னால் ஒரு கொம்பு, ஈரோடு என்றால் கடைசியில் மடங்கின ஒரு கால், கரூருக்குப் போக வேண்டியதைக் கோவைக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டேன், கைநாட்டுப் பயலக் கூட்டியாந்து வெச்சா இப்படித்தான்டா ஆவும் என்கிறார் மேஸ்திரி, எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன், சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். பழைய பேப்பர் மூட்டை ஒன்று வாய் பிளந்து கொட்டுகிறது, கொட்டியதில் ஒரு பொம்மைப் புத்தகம், தொப்பியும் ஒற்றைக் கையுறையும் போட்ட ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான், நுனியில் புகை, புகைக்குப் பக்கத்தில் முள்ளு முள்ளாக ஒரு சொல், அது என்ன சொல்லாக இருக்க முடியும், துப்பாக்கி என்ன சத்தம் போடும் என்று கொட்டாயில் படம் பார்த்தவனுக்குத் தெரியாதா, டு, மீ, ல், ஒரே குண்டில் மூன்று எழுத்து விழுந்தது, டு ஈரோட்டின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது, ல சேலத்தின் நடுவில் இருந்தது, புள்ளிதான் இல்லை, தினம் தூக்கித் தினம் இறக்கி வைத்த ஊர்கள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. ஆனால் கண் பிடித்துக்கொள்ளவில்லை, காலையில் பார்த்தது சாயங்காலம் போய்விடும், பார்த்தால் மூட்டையின் கனம் தெரியாது, தூக்கினால்தான் தெரியும், எழுத்தும் அப்படித்தான், அதனால் ஒரு ரீஃபிலை எடுத்து அச்சின் மேலேயே எழுதினேன், சாக்குக் குவியலுக்குப் பின்னால், யாராவது வந்தால் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொள்வேன், கையுறைக்காரன் என் அடியில் நசுங்கிக்கொண்டு போதும் எழுந்திரு என்கிறான், நான் எழுந்திருக்கவில்லை, மேஸ்திரி போகட்டும் என்கிறேன், அவன் குதிரை எடைமேடையில் ஏறி நிற்கிறது, முள் அசையவில்லை, பொம்மைக்கு ஏது கனம்.

என்னப்பா, பொம்மப் பொஸ்தகக் கோர்ட்டுல இன்னிக்கு ஆருக்குத் தூக்கு, செங்கோடன் காலால் என் காலைத் தட்டினான், கூட வேலை செய்கிறவன், திருச்செங்கோட்டுக்காரன், ஒரு சாத்தூர்க்காரிக்கு என்றேன், பொம்பளப் புள்ளைக்கா, போடறதப் பாத்துப் போடு, ஏற்கெனவே உன்ற மூஞ்சியப் பாத்தா மழை வரமாட்டீங்குது, என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப்போட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். நான் பிரசன்னா போட்ட படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்தை அல்ல, மூலையை, வலது பக்கத்துக் கீழ்மூலையை, அங்கே கிழிசல் இருக்கும் என்றுதான் போன ஞாயிறு நினைத்தேன், கிழிசல் இல்லை, ஒரு கறை இருந்தது, பழுப்பும் கறுப்புமாக, ஒரு கட்டைவிரல் அளவுக்கு, எழுத்தின் மேல் எழுத்து இருக்கிற பக்கங்களிலெல்லாம் இருந்தது, பேனா எழுத்து நின்றுபோன பக்கத்தில் கறையும் மங்கிப்போயிருந்தது, அதற்குப் பிறகு இந்தக் கை ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. திரும்ப வீடியோவைப் போட்டேன், பாலம் உடைந்தது, விழுகிறவன் வாயருகே ஆ என்று ஒரு பெரிய பலூன், விரல் வந்து உட்கார்ந்தது, தேடவே இல்லை, தன் கறையின் மேல் தானே போய் உட்கார்ந்தது, ஏணியின் எந்தப் படியில் கால் வைப்பதென்று நான் பார்ப்பதில்லை அல்லவா, அப்படி. அவள் எதையும் மறைக்கவில்லை, விரல் அதன் வீட்டுக்குப் போயிருக்கிறது. முன்னால் ஒரு தடவை, வருசக்கணக்காகத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன் என்று குரலில் சொல்லியிருக்கிறாள், அது தீக்குச்சி முக்குகிற மருந்தின் கறுப்பு, ஊருக்கே புத்தகம் வாடகைக்கு விட்டவன் பெண்டாட்டி, புருசனுக்குத் தெரியாமல், மருந்துக் கையோடு, அவன் கடைப் புத்தகத்திலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கிப் பார்த்திருக்கிறாள், அதை இருநூறு ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் எப்படிச் சொல்வாள், பிள்ளைகள் மேல் போட்டுவிட்டாள்.

ஐயா, எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க என்று ஜெயசீலன் எழுதினார், பிரசன்னா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார், நான் எழுத ஆரம்பித்தேன், அந்த அம்மா பொய், என்று எழுதி அழித்தேன், அந்த அம்மாதான், என்று எழுதி அதையும் அழித்தேன், உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரி என்ற பெயரிலிருந்து தப்புவாள், வெட்கத்தில் செத்துப்போவாள், சொல்லாவிட்டால் பெட்டி போய்விடும், அவள் பெயரைத் தொடாமல் இதைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது, அதை எழுத்தில் எழுதினால் தமிழாசிரியர் யாரோ இரக்கப்பட்டு அளக்கிறார் என்பார்கள். ஷெட்டுக்கு வெளியே சேலத்து வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது, மேஸ்திரியின் விசில், மைக் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், இதுவரை அழுத்தியதே இல்லை, ஏனுங், நாந்தான் பேசறனுங், நீங்க ஐயான்னு கூப்படறவன், நான் வாத்தியாரு இல்லீங், ஈரோட்டுல லோடுமேன், முப்பது வயசுக்கு மேலதான் எழுத்துப் படிச்சேன், இந்த மாதிரி பொஸ்தகத்துலதான், அச்சு மேலயே எழுதி எழுதி, இதே மாதிரி, என்ற வூட்டுலயும் ஒண்ணு கெடக்குதுங், எனக்கு மொதல்ல படிக்க வந்தது டுமீலுங். புள்ளைங்க கிறுக்கினது இல்லீங் இது, ஆரோ ஒரு பெரிய ஆளு படிச்ச படிப்பு, அது ஆருன்னு இந்தக் கூட்டத்துல கேக்க வேண்டாம், எழுதினவங்களே சொல்ல மாட்டாங்க, நானும் இத்தன நாளு சொல்லல பாருங், பொஸ்தகம் குறைதான், அதத் திரும்ப அனுப்பீருங், பிரசன்னா தம்பி கேக்கறது நாயந்தான், அந்தம்மா இருக்கட்டும், எழுத்துலதான் பதில் போடோணும்ங்கறத மட்டும் விட்டுருங், ஊதறாங்க, லோடு வந்துருச்சு.

விரலை எடுத்தால் குரல் கூட்டத்துக்குப் போய்விடும், எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன், என் நகத்தைச் சுற்றியும் கறுப்புதான், சிமென்ட்டும் மஞ்சள்தூளும் கலந்த ஒரு கறுப்பு, மை தடவி உருட்டி ரேகை வைத்த நாளில் இருந்தது மாதிரியே இருந்தது, பிறகு எடுத்தேன். செங்கோடன் கண்ணைத் திறக்காமலே, வாத்தியாருன்னா சொல்லி வெச்சிருந்த என்றான், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கூட்டத்தில் பிரசன்னா முதலில் எழுதினார், புரியுது, பட் சென்டிமென்ட் வேற, கண்டிஷன் வேற, புக்கை நாளைக்கு அனுப்பிடறேன்ணே, என்றார், ஐயா போய் அண்ணன் வந்துவிட்டது, ஜெயசீலன் ஒரு கும்பிடு போட்டார், அது எதற்கான கும்பிடு என்று தெரியவில்லை. நான் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தேன், அப்போதுதான் வேலுத்தாய் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது, குரல் இல்லை, எழுத்து, வந்தது நின்றது, மறுபடி வந்தது, நின்றது, லாரியின் பின்கதவு திறந்து விழுந்தது, மேஸ்திரி என் பெயரைச் சொல்லிக் கத்தினார், நான் அசையவில்லை, அந்தக் கறுப்பு விரல் சாத்தூரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போவது எனக்கு இங்கே தெரிந்தது, எங்கேயும் போய் உட்காராமல், எதன் மேலும் ஒளியாமல் நகர்ந்துகொண்டிருந்தது, கடைசியில் இரண்டே சொல் திரையில் விழுந்தது.

எனக்கு ஆ