தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அலுவலகப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்ததும் கைப்பேசியை வெளியே நீட்டி, வழியில் கண்ணில் படும் அக்கிரமங்களைப் படம்பிடிப்பது கேசவனின் நெடுநாள் வழக்கம். கூடுவாஞ்சேரியிலிருந்து கல்பாக்கம் போய்ச் சேர்வதற்குள், வழியை அடைத்து நின்ற லாரியோ குப்பை கொட்டிய கடைக்காரரோ அவருடைய முகநூல் பக்கத்தில் ஏறியிருப்பார்கள். லைக்குகள் குவியும். ஊருக்கு நன்மை செய்வதாக அவரும் மனதார நம்பினார்.

அன்று திருப்போரூர் நெரிசலில் பேருந்து நின்றபோது, ஒரு பெண் தன் கைக்குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்தாள். ஒரு பையை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். கேசவன் படம்பிடித்தார். ஹாரன் இரைச்சல் அதிகமாக இருந்ததால் ஒலியை நீக்கிவிட்டுச் சோகமான வயலின் இசையைச் சேர்த்தார். ‘பெற்ற பிள்ளையை விற்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ என்று எழுதினார்.

மறுநாளே ஊரெல்லாம் அதே பேச்சு. அவள் பெயர் அன்பரசி என்று யாரோ கண்டுபிடித்துப் போட்டார்கள். வீட்டின் முன் கூட்டம் கூடி, ஜன்னலை உடைத்தது. அதிகாரிகள் வந்து, விசாரணை முடியும்வரை என்று சொல்லி, பால்குடி மறவாத குழந்தையைச் செங்கல்பட்டில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மாலையில் அந்தப் படத்தைப் பார்த்த கேசவனின் மனைவி லதா நெற்றியைச் சுருக்கினாள்.

“பையிலேருந்து ஏதோ கொட்டுதே, தவிடா? சத்தத்தோட இருக்கறதப் போடுங்க.”

மூலப்படம் கைப்பேசியிலேயே இருந்தது. ஹாரன்களுக்கு நடுவே ஒரு பெண் சிரித்தபடி கத்தினாள்: “தவுட்டுக்கு வாங்கிட்டேன்டி, இனிமே இது என் புள்ள! திரும்பிப் பாக்காம போ, பாத்தா நோவு பின்னாலயே வந்துடும்!”

“அடக் கடவுளே!” என்றாள் லதா. “அடிக்கடி சீக்கு வர்ற புள்ளைய இப்படி வித்துட்டு, சாயங்காலம் பெத்தவங்களே வளக்கறதுக்குன்னு திரும்ப வாங்கிட்டு வருவாங்க. என் தம்பியே தவிட்டுக்கு வாங்கின புள்ளதாங்க.”

கேசவன் உடனே பதிவை அழித்தார். ஆனால் கூண்டைத் திறந்துவிட்டபின் பறவைகளைப் பெயர் சொல்லி அழைத்து என்ன பயன்? பகிர்ந்தவர்களுக்கெல்லாம் உண்மையை எழுதினார். ‘மாத்திப் பேச எவ்ளோ வாங்கின?’ என்று ஒருவன் கேட்டான். ‘நாளைக்கு அவ வூட்ட ஒரு வழி பண்ணலாம் மச்சான்’ என்று இன்னொருவன் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் அவர் அலுவலகப் பேருந்தில் ஏறவில்லை. காப்பகத்து வாசலில், பால் கட்டி முந்தானை நனைந்த நிலையில் அன்பரசி நின்றிருந்தாள். பக்கத்தில், தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிய தோழி பாப்பா.

“நான்தாம்மா அந்தப் படத்த எடுத்தவன்.”

பாப்பா பாய்ந்தாள். “நீதானா அந்த மவராசன்? எறங்கி வந்து இன்னா சமாச்சாரம்னு ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா பூடும்?”

அன்பரசி திட்டவில்லை. “கொழந்தைக்கு ஜொரம் கீது சார். மருந்து குடுத்தாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. என்ன உள்ள வுடல.”

கேசவன் உள்ளே போய்ப் படத்தை ஒலியோடு ஓடவிட்டார்.

“சத்தத்தை நீக்கியது யார்?” என்றார் அதிகாரி.

“நான்தான்.”

“உங்கள் மேல் வழக்கு வரலாம்.”

“வரட்டும். குழந்தையை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.”

நண்பகலில் குழந்தை தாயின் கைக்கு வந்தது. மருந்து கொடுத்திருந்தார்கள். கேசவன் அவர்களோடு திருப்போரூருக்குப் போனார். அன்பரசியின் வீட்டுமுன் கூடி நின்றவர்கள் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். அவர் வாசற்படியை மறித்து நின்று, முதன்முறையாகத் தம் கைப்பேசியைத் தம் முகத்துக்கு நேரே திருப்பினார்.

“என் பெயர் கேசவன். இந்தத் தாயைப் பற்றி நான் எழுதியது பொய்.”

சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. அந்த ஒலியை நீக்காமலேயே அவர் பதிவேற்றினார்.