மேப்பிள் பாணியில் மணல்

ஜெகதீஸ்வரி போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். போத்தலின் அடியில் விரற்கடை உயரத்துக்கு மணல்!

நாளை பங்குனி உத்தரம். கோயில் பஞ்சாமிர்தத்துக்குத் தேனுக்குப் பதிலாகத் தன் கையால் காய்ச்சிய மேப்பிள் பாணி தருவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்தக் குளிர்நாட்டு நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டின் பின்வளவில் இரண்டு மேப்பிள் மரங்கள். அவற்றில் துளையிட்டு, இரவு உறைந்து பகல் இளகும் நாட்களில் வாளி மாட்டிச் சொட்டுச் சொட்டாகப் பிடித்த சாறு நாற்பது லீட்டர். வற்றக் காய்ச்சித் தேன்போல் பாகாய் மிஞ்சிய பாணி ஒரேயொரு லீட்டர்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

துறைமுகத்தில் லொறி ஓட்டும் அவள் கணவன் யோகேந்திரன் தலையைச் சொறிந்தான். "வாளியளுக்குச் சுண்ணாம்பு பூசினனான். ஊரில இறக்கிற கருப்பநீர் புளிச்சுக் கள்ளாகாமல் முட்டிக்குப் பூசுறவைதானே..."

"அது பனைக்கப்பா! இந்தக் குளிருக்க மேப்பிள் சாறு எங்க புளிக்கப் போகுது?"

அவள் கல்லூரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அங்கே கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கி ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. குசினி மேசையில் அதைத் தூக்கி வைத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி மணலை விட்டாள். முதலில் சிறிய வில்லை, பிறகு பெரியது. வெளிச்சம் கூடினால் துகளின் விளிம்பு தெரியாது என்று கீழ் விளக்கின் துவாரத்தை ஒடுக்கினாள். தகட்டை இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் ஓடும். பதினொரு வருடப் பழக்கமிருந்தும் இன்றைக்கு இரண்டு தடவை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

சட்டென்று படம் தெளிந்தது. கற்கண்டு உடைத்துக் கொட்டியதுபோல் பளபளவென்று பளிங்குகள்!

சாறு வற்றும்போது மரத்திலுள்ள கல்சியம் இப்படிப் படிவதுண்டு. வடித்தால் போய்விடும். பூசிக் காய்ந்த சுண்ணாம்பென்றால் வினாகிரி பட்டதும் குமிழி பொங்கும். ஒரு துளி விட்டு, திரும்பவும் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

ஒரு குமிழிகூட இல்லை.

"சுண்ணாம்பில்லையப்பா! மரத்தின்ர மணல்தான்! வடிச்சாச் சரி!" அவள் குதித்த குதியில் மேசை ஆடியது.

யோகேந்திரனுக்கு உடனே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீரே? சுண்ணாம்பு தன்ர வேலையை முடிச்சிட்டுக் கரைஞ்சு போட்டுது. அதுதான் பாணி புளிக்கேல்லை."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. புது வாளிகளை மரத்தில் மாட்டுமுன், உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைக் கறையைப் பார்த்துக் கடைக்காரனைத் திட்டித் திட்டி, வினாகிரி ஊற்றிக் கை நோகத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான்.

அவனோ பாணியைத் திரும்பச் சூடாக்கிவிட்டு, தன் புது வேட்டியை நாலாய் மடித்து வடிக்க ஏந்திக்கொண்டு நின்றான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஓமப்பா," என்றாள். "அடுத்த வருசமும் நீங்களே பூசுங்கோ. நான் கழுவுறன்."