வெல்கா வீட்டில் பேசியது

பாடகி வெல்கா வானொலியில் சேர்ந்த வருஷத்திலிருந்து, அவள் வீட்டில் பேசினால் சத்தம் அவள் வாயிலிருந்து வரவில்லை. லாத்வியா முழுக்க உள்ள வானொலிப் பெட்டிகளில் வந்தது. நிலையத்து மெக்கானிக் வந்து ஒயரைத் தட்டிப் பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை என்று காபி குடித்துவிட்டுப் போனார். கடற்கரை ஊர்களின் நடன அரங்குகளில் பாடி, இசைத்தட்டு போட்டு, தொண்டை கம்மிய பிறகு காலை நிகழ்ச்சிக்கு வந்தவள் அவள். அங்கே காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு; இன்று யாருக்கெல்லாம் பெயர் நாள் என்று அவள் வாசித்து வாழ்த்தினால்தான் ரீகாவில் பலருக்குக் காபி இறங்கும்.

அவள் கணவன் இமாண்ட்ஸ் ட்ராம் ஓட்டினான். செய்திக்கு நடுவே, "இமாண்ட்ஸ், பூட்ஸைக் கழட்டிட்டு வாய்யா" என்று நாடே கேட்டது. மறுநாள் பயணிகள், "ஓட்டுநரே, உங்க வீட்ல உப்பு தீர்ந்துபோச்சாம், வாங்கிட்டுப் போங்க" என்பார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரான் ஒவ்வொருவனும் போர்வைக்குள் கிடந்தபடி தன் பெண்டாட்டி குரலைக் கேட்கிறான்; தனக்கென்று ஒரு சொல் உண்டா? லியபாயா துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல்காரன் அவளுக்கு வாராவாரம் டூலிப் பூ வேறு அனுப்பினான். ஒரு மார்ச் மாதம் இமாண்ட்ஸ் பொறுக்கமாட்டாமல் வீட்டு வானொலியைத் தூக்கி தௌகாவா ஆற்றில் போட்டான். அதன்பின் அவள் கையசைவைப் பார்த்துக் குத்துமதிப்பாகத் தலையாட்டினான். அவசரமென்றால் பக்கத்து வீட்டு ஜென்டா ஜன்னலில் கத்துவாள்: "யோவ், சூப்பு ஆறுதாம்! போய்க் குடிய்யா!"

ஜூலையில் அவன் பெயர் நாள் வந்தது. பெயர் நாளுக்கு அழைக்காமலே ஆட்கள் வருவது வழக்கம் என்பதால் ஸ்ட்ராபெரி கேக்கோடு இருவரும் காத்திருந்தார்கள். அப்போது கேட்டே விட்டான்: "இத்தனை பேர் உன்மேல உருகறாங்க. அவங்களுக்கு மேல நான் உனக்கு ஏதாவது உண்டா? எனக்கு மட்டும் சொல்லு."

வெல்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உதட்டை அசைத்தாள். அழுதாள், நடுவில் சிரித்தாள். அவனுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

சாயங்காலம் வழக்கத்தைவிடக் கூட்டம். பெண்கள் கண்ணைத் துடைத்தபடி வந்தார்கள்; ஆண்கள் கடுகடுவென்று பூங்கொத்தை அவன் கையில் திணித்தார்கள்.

"என்ன சொன்னா?" என்று ஜென்டாவிடம் கெஞ்சினான்.

"அதையெல்லாம் என் வாயால சொல்ல முடியுமாய்யா?" என்று மூக்கைச் சிந்தினாள் அவள்.

அவள் புருஷன் தட்டைப் பார்த்தபடி, "உனக்கென்னய்யா, கொடுத்துவெச்சவன்" என்று பல்லைக் கடித்தான். மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை ஆண்கள் முகத்திலும் வயிற்றெரிச்சல். இமாண்ட்ஸுக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். தினமும் சவரம் செய்யும்போது பார்த்தது. அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கேக்கில் பெரிய துண்டாக வெட்டி ஜென்டாவின் புருஷனுக்கு வைத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வானொலி வாங்கவேயில்லை.