அப்பா பக்கத்து பிரேக்

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது காதைப் பொத்திக்கொள்ள. கத்துகிறார் என்று இரண்டு புகார் போய்விட்டது. மூன்றாவது வந்தால் வீட்டிலேயே உட்கார்ந்து கத்தலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதனால் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, "ஆண்டவர் என்னை உடைச்சு, பொறுமையுள்ளவனா உருவாக்கணும். ஜெபிச்சுக்கோங்க" என்றார். ஆமென் சொன்னவர்களில் அம்மாவின் குரல்தான் கூரையைத் தொட்டது.

வியாழன் காலை பாஸ்டரின் மனைவி, எங்கள் பாஸ்டரம்மா, சேர்க்கைப் படிவத்தோடு பயிற்சிப் பள்ளியில் வந்து நின்றார். ஏற்கெனவே மூன்று பள்ளிகள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பியிருந்தன.

"பொறுமைதானே கேட்டேன். இவங்களையா கேட்டேன்?" என்று அப்பா வீட்டில் பொருமினார்.

"பின்ன, பொறுமை பார்சல்லயா வரும்? உடைக்கச் சொன்னது நீங்க. இப்ப வலிக்குதுன்னா எப்படி?" என்றாள் அம்மா.

எனக்கும் அதே வண்டியில்தான் வகுப்பு. என் முறை வரும்வரை பின்சீட்டில் இருப்பேன். ஆகவே நடந்ததை நேரில் கண்டவன் நான் ஒருவன்தான்.

பாஸ்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். எதிரே லாரி வந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இரண்டு கையையும் மேலே தூக்கி, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்பார். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன்.

அப்பா கத்தவில்லை. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். நான்கு நாளில் இரண்டு கைக்குட்டை காலி.

ஐந்தாம் நாள் பாஸ்டரம்மாவுக்கே கோபம் வந்தது.

"என்ன பிரதர், நான் ஓட்டிட்டே இருக்கேன், வண்டி அதுபாட்டுக்கு நிக்குது?"

"நான்தான் நிறுத்தினேன் சிஸ்டர்."

"எனக்குப் போகணும்னு தோணுச்சே."

"தோணும். முன்னாடி சுவர் இருந்துச்சு."

"சொல்லிட்டு நிறுத்தலாம்ல?"

"அதுக்கெல்லாம் நேரம் இருக்காது. பக்கத்துலதானே உக்காந்திருக்கேன், நம்புங்க. என் பிரேக்கோட சண்டை போட்டுட்டே இருந்தா எப்பதான் கத்துக்கறது?"

சொல்லி முடித்ததும், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல அப்பா நிமிர்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். கடிதம் எழுதித் தன் வீட்டு முகவரிக்கே போட்டுவிட்டவரின் முகம்.

அன்று வண்டியைப் பின்னால் எடுக்கையில் பாஸ்டரம்மா பள்ளியின் பெயர்ப்பலகையைச் சாய்த்தார். முதலாளி அப்பாவைத் தனியே கூப்பிட்டார். பலகையைத் தூக்கி நிறுத்தும் சாக்கில் நானும் அருகே நின்றேன்.

"இந்தம்மாவை வேற ஆளுக்கு மாத்திடறேன்யா. நீ கத்திடுவே, மூணாவது புகார் வந்துடும். எதுக்கு வம்பு?"

எனக்குத் தெரிந்து அப்பாவுக்கு இவ்வளவு சுலபமாக ஒரு கதவும் திறந்ததில்லை.

"வேணாம் சார். என்கிட்டயே இருக்கட்டும். பாதி வேலை முடிஞ்சிருக்கு."

முதலாளி சாய்ந்த பலகையைப் பார்த்தார். "அவங்களுக்கா?"

"எனக்கு."

அடுத்த புதன்கிழமை, ஜெபிக்க விண்ணப்பம் உண்டா என்று பாஸ்டர் கேட்டார். போன வாரம் கேட்டவர் கதி சபைக்கே தெரியும். ஒரு கையும் அசையவில்லை. அப்பாவின் கை மட்டும் எழுந்தது.

"போன வாரம் கேட்டதேதான் பாஸ்டர். இன்னும் கொஞ்சம் உருவாக்கணும்."

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "எங்க அக்காவும் வண்டி பழகணும்னு ரொம்ப நாளா..."

ஆமென் சொல்ல வாயெடுத்த அம்மா அப்படியே நிறுத்திக்கொண்டாள். அப்பா கைக்குட்டையை எடுத்தார். ஒருமுறை பார்த்தார். மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

"வரச்சொல்லுங்க பாஸ்டர்."