வெற்றிடத்தில் தெரிந்த பட்டங்கள்

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுடி!"

அக்கா என் தோளுக்கு மேலே கத்தினாள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் குமிழை உருட்டினேன். வியர்வையில் விரல் வழுக்கியது.

மதியத்துக்குள் விசாரணைக் குழு வந்துவிடும். நான் எடுத்த படம் போலி என்று யாரோ, தன் பேரை எனக்குச் சொல்லக் கூடாதென்று கேட்டு, புகார் கொடுத்திருந்தார்கள். அதே படத்தை மறுபடி எடுத்துக் காட்டாவிட்டால் வேலை போச்சு. அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் என்னை வாசல்படி ஏற்றாது.

செம்பு பார்வைக்கு ஒரே கட்டி. உள்ளே பொடிப்பொடியான படிகங்கள், சந்தைக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். இரண்டு படிகங்கள் முட்டிக்கொள்ளும் எல்லையில் மட்டும் வரிசைகள் ஒத்துப்போகாது. அங்கே அணுக்கள் எப்படி உட்காருகின்றன? பறக்கவிடும் பட்டத்தின் வடிவில், அடுத்தடுத்து என்றது எங்கள் படம். அக்கா கணக்குப் போட்டுச் சொன்னாள், நான் படம் பிடித்தேன். ஊரே கைதட்டியது.

இன்று எல்லை தெரிந்தது. பட்டத்தைத்தான் காணோம்.

"மங்கலாத்தான் இருக்கும். என் ஃபில்டர்ல போடு."

படத்தைத் துலக்கும் புரோகிராம் அது. அவளே எழுதியது. போட்டேன். பளிச்சென்று பட்டங்கள்!

"பாத்தியா? சும்மா செத்துச் செத்துப் பொழைக்கிற!"

அப்போதுதான் கவனித்தேன். அவசரத்தில் தப்பான படத்தைக் கொடுத்திருந்தேன். சாம்பிளின் நடுவே இருக்கும் ஓட்டையை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த படம். செம்பு இல்லை, அணு இல்லை, வெறும் வெற்றிடம்.

"அக்கா, ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் பட்டம் வருது! எதைக் குடுத்தாலும் நீ கணக்குல போட்டதையே இது வரைஞ்சு தள்ளுது!"

அக்கா திடுக்கிடவில்லை.

"கத்தாதடி. அது உன் கம்ப்யூட்டர்லதானே ஓடுது?"

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள். "ரெண்டு பேரும் சேர்ந்தே ஒத்துக்கலாம்க்கா. தெரியாம நடந்த தப்பு. உன்னை மட்டும் மாட்டிவிட மாட்டேன்."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

கதவு திறந்தது. குழுத் தலைவர் உள்ளே வந்து எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன்.

"தப்பு ஃபில்டர்ல சார். எங்க ரெண்டு பேர் தப்பும்..."

"ரெண்டு பேரா?" புருவம் ஏறியது. "ஃபில்டருக்குள்ள கைவெச்சு மாத்தினது நீங்கதான்னு புகார்லயே இருக்கேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதில் ஒரு வரியைக்கூடத் தொட்டதில்லை. அப்படி ஒரு ஃபில்டர் இருப்பதே வெளியில் யாருக்கும் தெரியாது.

"சரி, நேருக்கு நேர் பேசிடலாம்," என்றார் தலைவர். "புகார் குடுத்தவங்க இந்தப் பக்கம் வாங்க."

வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

என் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்காமலே மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் அருகில் உட்கார்ந்தாள்.