இரண்டு வல்லரசும் ஒரு பிரம்புக் கயிறும்

"நாளைக்கு அமெரிக்காவையும் சீனாவையும் வெறுங்காலோட நம்ம ஊர் மண்ணுல உட்கார வைக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே கயித்தை இழுப்பாங்க. ரெண்டு பேருமே தோக்க மாட்டாங்க. எழுதி வச்சுக்கோங்க!"

பீர்க்கடையே குலுங்கிச் சிரித்தது. சொன்னவர் கோவாத். செந்நதியில் பிடித்த மீனின் முதுகில் ஏறி ஹனோய்ச் சந்தைக்குப் போய் வந்ததாகச் சாதிக்கும் ஆசாமி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லம்மால் மட்டும் சிரிக்க முடியவில்லை. கோயில் திருவிழாவில் கயிறு இழுக்க விருந்தாளிகளுக்கு அழைப்பு எழுதியது அவர்தான். முதல் நாள் அமெரிக்கத் தூதரகத்தார், மறுநாள் சீனத் தூதரகத்தார் என்று ஏற்பாடு. சீனர்களுக்குச் சந்திரக் கணக்கில் எழுதினார், அது சரி. அமெரிக்கர்களுக்கு ஆங்கிலத் தேதி பார்க்க நாட்காட்டியைப் புரட்டினார். சுவரே வியர்க்கும் வசந்தகால ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அமெரிக்கர்களின் அழைப்பிலும் மறுநாள் தேதியே போய்விட்டது; இரண்டு பேரும் ஒரே நாளில்.

தகவல் தெரிந்ததும் மாவட்ட அலுவலகத்துப் பையன் ஹுவான் லம்மிடம் தொலைபேசியில் கத்தினான். "பெரியப்பா, ஒரு வல்லரசு இன்னொண்ணுகிட்ட தோத்து விழுற படம் வெளியில வந்துச்சு, அடுத்த வருஷத்துலேருந்து உங்க ஊர்ல திருவிழாவே கிடையாது. சொல்லிட்டேன்."

"நீ எப்படிய்யா சமாளிப்பே?" என்றார் லம், கோவாத்திடம்.

"நானா? ஊர் சமாளிக்கும். நீ போய்த் தூங்கு."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

மறுநாள் காலை இரண்டு தரப்பும் வந்து இறங்கின. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் நீங்கள் இழுங்கள், நாங்கள் வேடிக்கை பார்க்கிறோம் என்று சொல்ல எந்த வல்லரசுக்கு மனம் வரும்? காலணிகள் கழன்றன.

கோயில் முற்றத்தில் துளையிட்ட கம்பம். துளை வழியே பிரம்புக் கயிறு. நடுவே சிவப்புத் துணி. இரு பக்கமும் மண்ணில் உட்கார்ந்து, குதிகாலைக் குழியில் ஊன்றி இழுக்க வேண்டும். ஒரு ஊதுவத்தி எரிந்து முடியும்வரை ஆட்டம். விருந்தாளியைத் தனியாக இழுக்க விடுவது ஊருக்கு அவமானம்; பின்னால் ஊரார் உட்கார வேண்டும். எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று மட்டும் விதி கிடையாது.

முரசு அதிர்ந்தது. அமெரிக்கர்கள் மலை மலையாக இருந்தார்கள். துணி அவர்கள் பக்கம் ஒரு முழம் போனது. லம்முக்கு உயிரே போனது. அப்போது கோவாத் நொண்டிக்கொண்டு எழுந்தார். எழுபத்தொன்பதாம் வருஷத்து வடக்கு எல்லைச் சண்டையில் சீனக் குண்டுச் சில்லு பாய்ந்த முழங்கால் அது. அந்தக் காலைச் சீனர்களுக்குப் பின்னால் குழியில் ஊன்றி அவர் கயிற்றைப் பிடித்தார்.

"என்ன பார்க்கிறீங்க? கறி தின்ன மட்டும்தான் வாய் திறப்பீங்களா?"

நூடுல்ஸ் கடைக்காரியும் புருஷனும் அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். துணி திரும்பி வந்தது. வந்த வேகத்தில் சீனர் பக்கம் சாய்ந்தது. லம்மின் பக்கத்திலிருந்து யாரோ எழுந்தார்கள். அவர் மனைவி தோம்.

"எங்க போற?"

"அந்தப் பக்கம் ஆள் குறையுதுல்ல?"

எழுபத்திரண்டில் அமெரிக்கக் குண்டில் அண்ணனைப் பறிகொடுத்தவள். சாம்பலில் ஒரு செருப்பை மட்டும் கண்டெடுத்தவள். அவள் போய் அமெரிக்கர்களில் ஒரு செம்பட்டைத் தலைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்து இழுத்தாள்.

அதற்கப்புறம் ஊரில் யாரையும் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. துணி இங்கே சாய்ந்தால் மூவர் அங்கே ஓடினார்கள். அங்கே சாய்ந்தால் இருவர் இங்கே. மீன்காரி கூடையை இடுப்பில் வைத்தபடியே கட்சி மாறினாள். பூசாரி இரண்டு முறை மாறினார். பிரம்பு முனகியது, கம்பம் புகைந்தது. இருநூறு பேர் மூச்சைப் பிடித்திருக்க, சிவப்புத் துணி துளைக்கு நேரே அசையாமல் நின்றது. லம்முக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் எப்போது எழுந்தோம், எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கையில் கயிறு இருந்தது, அவ்வளவுதான்.

ஊதுவத்தி அணைந்தது. செம்பட்டைத் தலைக்காரனும் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக்காரரும் சேறு பூசிய முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்பதில் இன்றுவரை ஊர் இரண்டு பட்டுக் கிடக்கிறது.

பாலத்து நெரிசலில் மாட்டிய ஹுவான் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தான். பீர்க்கடையில் கோவாத் கதையை விரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க இழுத்த இழுப்புல செந்நதி ஓட்டத்தை நிறுத்திட்டு எட்டிப் பார்த்துச்சுடா!"

"சும்மா இருங்க பெரியப்பா." ஹுவான் லம் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத்தான் இவர் சொல்றது எதுவும் ஆகாதே. நீங்க சொல்லுங்க, நிஜமாவே யாரும் தோக்கலையா?"

லம் தன் உள்ளங்கையை விரித்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"யாரும் தோக்கலைப்பா. இவன் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. நதியும் நின்னுச்சு."