கொக்கு முட்டைக்கு ஒரு மேல்தோல்

டார்லீன் அந்த முட்டைக்குத் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"செத்துப்போச்சு பாநியா. வேணும்னா உன் வலையைப் போர்த்திப் பாரு. பொணத்துக்குப் பட்டுச்சேலை கட்டுற மாதிரிதான்."

அமெரிக்காவின் விஸ்கான்சின் சதுப்பு நிலத்தில் வெள்ளைப் பெருங்கொக்குகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்பும் பண்ணை அது. முட்டைகளுக்கெல்லாம் டார்லீன்தான் பொறுப்பு. ஆள் உயரம் வளரும் அந்தப் பறவைகள் உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. அதனால் அங்கே யாரும் ஒரு முட்டையை லேசில் கைவிடுவதில்லை. இதைத் தாயே கைவிட்டுவிட்டது. கருப்பு ஈக்கள் மொய்த்துப் பிடுங்கியதில் கூட்டைவிட்டு ஓடியது, திரும்பவில்லை. எடுத்து வந்தபோது முட்டை சில்லென்றிருந்தது. பொரிக்கும் பருவத்து முட்டைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாலும் வெளிச்சம் நுழையாது. வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டால், உயிருள்ளது மெல்ல ஆடும். இது ஆடவில்லை. அழுகிய முட்டை இன்குபேட்டரில் வெடித்தால் மற்றவையும் பாழ். ஆகவே இன்றைக்குள் இதில் உயிர் இருப்பது தெரியாவிட்டால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

பாநியா நகரத்து ஆய்வகத்திலிருந்து அதற்காகத்தான் வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த வலை வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. இழுத்தால் அறாமல் நீளும்படி அதற்குள் தங்கக் கம்பிகளை நெளிநெளியாக ஓடவிட்டிருந்தாள். ஓட்டுக்குள் ஒரு இதயம் துடித்து ஓடு அணுவளவு அதிர்ந்தாலும் அது சொல்லிவிடும், ஒட்டினால். குளிர்காலம் முழுக்கக் கடை முட்டைகளில் ஒட்டிப் பழகியிருந்தாள். ஆய்வகமே ஆம்லெட் தின்று அலுத்துப்போயிருந்தது.

வலையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, முட்டையை அடியிலிருந்து மெல்ல உயர்த்தினாள். அழகாகத்தான் போர்த்தியது. நீர் வடிந்ததும் வழுக்கி விழுந்து, மென்று துப்பிய பபிள்கம் போல் சுருண்டது.

"கடை முட்டையில ஒட்டிச்சே!"

டார்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "கடை முட்டையா? அதைக் கழுவித் தேய்ச்சில்ல விக்கிறான்! இது பறவை போட்டது போட்டபடி இருக்கு. மேல மெழுகுப் பூச்சு இருக்கும் தாயே."

"அப்போ துடைச்சிடுறேன்."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! கிருமி உள்ள போகாம காக்குறதே அதுதான்."

"செத்த முட்டைன்னு சொன்னீங்க?"

டார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சொன்னேன்தான். அதுக்கு?"

மிச்சமிருந்தது ஒரே ஒரு வலை. பாநியா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கூண்டில் ஒரு பெண் கொக்கு பொரிக்கும் முட்டை வரும்வரை வைத்திருந்த மரமுட்டை ஒன்றை நிஜமென்று நம்பி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது எழுந்தது, முட்டையைத் திருப்பியது, வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்து இறகில்லாத வெறுந்தோலை அதன் மேல் அழுத்தியது.

பாநியா ஒரு ரப்பர் கையுறையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றித் தொந்தி போல் உப்பவைத்து வாயை முடிந்தாள். வலையை இம்முறை தண்ணீரில் விடாமல், அந்தத் தொந்தியால் வெடுக்கென்று ஒற்றி எடுத்தாள். முட்டையின் மேல் வைத்து, கொக்கைப் போலவே அசைத்து அழுத்தினாள். வேகமாக எடுத்தால் வலை கையுறையோடு வந்துவிடும், மெதுவாக எடுத்தால் ஓட்டோடு தங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நத்தை தோற்கும் வேகத்தில் உரித்தாள்.

"எங்க வலை? காணோம்?" என்றாள் டார்லீன்.

"மேலதான் இருக்கு."

இருந்தது. ஓட்டின் பழுப்புப் புள்ளிகள் அதனூடே தெரிந்தன. பெருத்த இடத்தில் கம்பிகள் நெளிவு விட்டு விரிந்திருந்தன, குறுகிய முனையில் ஒடுங்கிக் கிடந்தன. ஒரு சுருக்கம் இல்லை. தானே செய்ததுதான் என்றாலும் பாநியாவுக்குப் புல்லரித்தது.

வலையின் கம்பியைக் கணினியில் மாட்டினாள். திரையில் நேர்கோடு. அசைவில்லை. காத்திருந்தார்கள்.

"விடு கண்ணு," என்றாள் டார்லீன். குரலில் இப்போது கேலி இல்லை. "பய போய்ச் சேர்ந்துட்டான்."

முன்பு நனைந்திருந்த ஓட்டின் ஈரம் காய்ந்து வலை அதை இறுகப் பற்றியபோது கோட்டில் ஒரு சின்னப் பல் முளைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, விடாமல்.

"இருக்குடி! உசுரு இருக்குடி!" டார்லீன் வீறிட்டாள்.

துடிப்பு தடதடவென்று எகிறியது.

இருவரும் உறைந்தார்கள். அறை அமைதியானதும் துடிப்பும் அடங்கியது. பொரிக்கப்போகும் முட்டைகளின் பக்கத்தில் அந்தப் பண்ணையில் யாரும் வாய் திறப்பதில்லை. குஞ்சு மனிதக் குரலைத் தாயின் குரலென்று பழகிவிடக் கூடாது என்பதற்காக. செத்த முட்டைதானே என்று இவர்கள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அது அத்தனையையும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறது. டார்லீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்கு மேல் வழிந்தது.

அப்போது வெளியே அந்தப் பெண் கொக்கு சதுப்பு அதிரக் கூவியது.

திரையில் துடிப்பு ஒரு கணம் தயங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விளையாட்டை நிறுத்தித் திரும்பும் பிள்ளை போல. பிறகு ஓட்டமாக ஓடியது. பாநியா திரையை விட்டு ஜன்னலுக்கு வெளியே கொக்கைப் பார்த்தாள். இத்தனை நாளும் மெல்லிய வலையைச் செய்வதுதான் அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டார்லீன் முட்டையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினாள். "அம்மா கூப்பிடுறா," என்று அதனிடம் உதட்டை மட்டும் அசைத்தாள், சத்தமே வராமல்.